ஹோடனின் புருவம்

கிளென் ஹாக்கெட்டுக்கு மறுபடியும் 'டி' போட்டு அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்கென்று கட்டிய டை கழுத்தில் அப்படியே இருக்க, லண்டன் ரஸ்ஸல் ஸ்குவேர் முனையில், டாக்சிக்காரர்கள் சாப்பிடும் பச்சைக் குடிசைக்கு வெளியே, ஈர பெஞ்சில் உட்கார்ந்து, முட்டை ரொட்டியைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

குடிசைக்குள் லைசென்ஸ் பேட்ஜ் வைத்திருக்கும் டாக்சிக்காரர்கள் மட்டும்தான் உட்காரலாம். பேட்ஜ் இல்லாதவன் ஜன்னலில் காசு கொடுத்து வாங்கி வெளியே நின்று தின்ன வேண்டும். மழையானாலும் பனியானாலும் அதில் மாற்றமில்லை. கிளென் வருஷக்கணக்காக வெளியே நின்று தின்கிறான்.

ஜன்னலில் பெரில் தலையை நீட்டினாள். உள்ளே அடுப்பும் அவளுடையது, அதிகாரமும் அவளுடையது.

"என்ன ராசா, டை எல்லாம் கட்டிக்கிட்டு? எங்கயாச்சும் சாவா?"

"ஆமா. நான்தான் செத்தேன்."

"அடப் பாவமே. சாஸ் வேணுமா, வேணாமா?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "விடு பெரில். மூளை வளர நாளாகும். இவனுக்கு இன்னும் முளையே விடல."

சிரித்தார்கள். குடிசைச் சுவரில் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. லண்டன் டாக்சிக்காரர்களின் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்ததில், வழியை ஞாபகம் வைக்கும் பகுதி மற்றவர்களைவிடப் பெருத்திருந்ததாம். உள்ளே இருப்பவர்களுக்கு அது சாமி படம் மாதிரி. படித்துத் தோற்றவர்களுக்கு அந்த இடம் வளரவே இல்லை என்பதையும் அவர்கள் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள்.

கிளென் அதை நம்பினான். நாற்பத்தாறு வயதில், பதினைந்தில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனின் மண்டைக்குள் என்ன வளரும்? டேகனமில் ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை. மாவு, சூடு, பெல்ட்டின் இரைச்சல். காலையில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மொபெட்டில் ஏறி நகரத்துக்குள் வருவான். ஹேண்டில் மேல் பொருத்திய அட்டையில் அன்றைய வழிகளைச் செருகிக்கொண்டு மத்தியானம்வரை தெருத் தெருவாகச் சுற்றுவான். சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் தெரு, சந்து, ஆஸ்பத்திரி, சிலை, சாராயக்கடை எல்லாம் மண்டைக்குள் போக வேண்டும். அதற்கு 'நாலெட்ஜ்' என்று பெயர், அதில் தேறினால்தான் டாக்சி பேட்ஜ். சொல்லித்தர வாத்தியார் கிடையாது. தானே சுற்றி, தானே படித்து, மார்க் சேரும்வரை, குறித்த நாட்களில் திரும்பத் திரும்பப் பரீட்சகர் முன் ஆஜராக வேண்டும். அவர் இரண்டு இடத்தைச் சொல்வார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்தத் தெருவில் கிளம்பி, எங்கே இடது, எங்கே வலது என்று வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். வரைபடம் கிடையாது. போன் கிடையாது. ஏ, பி, சி வந்தால் மார்க் சேரும், டி என்றால் ஒன்றும் கிடையாது.

இன்னொரு டி விழுந்தால் முந்தைய கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து திரும்ப ஏறி வர இன்னொரு வருஷம் ஆகும், அதிகமாகவும் ஆகலாம். இன்னொரு வருஷத்துக்கு அவன் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மனைவி பாலினிடம் சொல்லிவிட்டான்: தள்ளிவிட்டால் மொபெட்டை விற்றுவிடுவேன், ஃபேக்டரியிலேயே கிடந்து சாகிறேன். "சரி" என்றாள் பாலின். அந்தச் 'சரி'யில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் அவனை உறுத்தியது.

ஹோடன் பெஞ்சருகே மொபெட்டை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே முக்காடு நெற்றிவரை இழுத்துக் கட்டியிருந்தது. சோமாலிக்காரி, பிறந்து வளர்ந்ததெல்லாம் கேம்டனில். அவளும் கிளென்னும் சேர்ந்து ஒப்பிக்கத் தொடங்கி ஒன்றரை வருஷம். நாலெட்ஜ் படிப்பவர்கள் ஜோடியாகத்தான் ஒப்பிப்பார்கள். ஒருவர் தாளைப் பார்த்துக் கேட்க, மற்றவர் சொல்ல வேண்டும்.

"யோவ் ஹாக்கெட். என்ன ஆச்சு?"

அவள் அவன் டையைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள்.

"எதுல விட்டே?"

"எல்லாத்துலயும். கேம்பர்வெல் கிரீன்லேர்ந்து வாட்டர்லூ கேட்டாரு. கேம்பர்வெல் கிரீன்! இதே பெஞ்சுல எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?"

"தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவியே."

"அங்க போனா ஒரு மண்ணும் இல்ல. ஓவல் வரைக்கும் வந்தேன். அப்புறம் சுவரு. அந்த ஆளு பார்க்கறாரு, நான் அவரப் பார்க்கறேன். மண்ட சிமென்ட்டாப் போச்சும்மா. செட் ஆயிடுச்சு. இனிமே உள்ள எதுவும் எறங்காது."

ஹோடன் போன வாரம் பி வாங்கியிருந்தாள். அதை அவள் திரும்பச் சொல்லவில்லை. அவனிடமிருந்து ரொட்டியை வாங்கி, பாதியைப் பிய்த்துத் தின்றுகொண்டே தாளை எடுத்தாள்.

"சரி, இப்ப சொல்லு. கேம்பர்வெல் கிரீன் டு வாட்டர்லூ ஸ்டேஷன்."

சொன்னான். கேம்பர்வெல் நியூ ரோடு, வலது கென்னிங்டன் பார்க் ரோடு, இடது கென்னிங்டன் ரோடு, நேரே பெய்லிஸ் ரோடு, இடது வாட்டர்லூ ரோடு. வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று கேட்டாள், அதுவும் வந்தது. கேட்டதெல்லாம் வந்தது.

"பாத்தியா, எல்லாம் உள்ள இருக்கு. பயம்தான் உனக்கு" என்றாள்.

அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆகவே இன்னும் அதிகமாகப் படித்தான். மத்தியானம் தூங்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டினான், பிறகு இன்னொன்றை. மஞ்சள் பேனாவால் கோடு போட்ட தாள்களைச் சமையலறையில், குளியலறையில், படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினான். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். படிக்கப் படிக்க எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் நின்றபடியே கண் அயர்ந்து, பெல்ட்டில் கையைக் கொடுக்க இருந்தான். மேஸ்திரி தோளைப் பிடித்து இழுத்தார். அன்று காலையும் மொபெட்டில் ஏறினான்.

ஒரு புதன்கிழமை ஹோடனின் மகளுக்குக் காய்ச்சல். வர முடியாது, போனில் ஒப்பிக்கலாம் என்றாள். கிளென் தன் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தான்.

"கேம்பர்வெல் கிரீன் டு வாட்டர்லூ ஸ்டேஷன்."

"அது வேணாம்மா, அது தெரியும்."

"தெரிஞ்சா சொல்லிட்டுப் போயேன்."

கேம்பர்வெல் நியூ ரோடு. வலது கென்னிங்டன் பார்க் ரோடு. அப்புறம் வாயை மூடிக்கொண்டான். போனில் அவள் மகள் இருமுவது கேட்டது.

"அப்புறம்?"

"நேரா... இல்ல. இரு." நெற்றியைத் தேய்த்தான். "இடது? நேரா போனா எலிஃபண்ட் ஜங்ஷன் வந்துரும்ல?"

மறுபடியும் இருமல்தான் கேட்டது.

"ஏம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். சொல்லு."

அவனால் முடியவில்லை. வேறு கேட்டாள், அதுவும் பாதியில் நின்றது. மூன்றாவதில் கிளம்பவே இல்லை. தூக்கம் இல்லை, அதான், என்றான். ஹோடன் "நாளைக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தூறல். ஹோடன் வழக்கத்தைவிட நேராக உட்கார்ந்திருந்தாள்.

"கேம்பர்வெல் கிரீன் டு வாட்டர்லூ."

"மறுபடியுமா?"

"சொல்லு."

"கேம்பர்வெல் நியூ ரோடு. வலது கென்னிங்டன் பார்க் ரோடு. இடது கென்னிங்டன் ரோடு..."

ஹோடனின் புருவம் லேசாக மேலே போனது. கையிலிருந்த பேனா தாளில் ஒரு தட்டுத் தட்டியது.

"இல்ல இல்ல" என்றான் கிளென் உடனே. "இடது இல்ல. நேரா. நேரா போயி எலிஃபண்ட், அங்கேர்ந்து லண்டன் ரோடு..."

புருவம் இறங்கியது. அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். அவன் உற்சாகமாக எலிஃபண்டைச் சுற்றி, தப்பான வழியில், தடங்கலே இல்லாமல் வாட்டர்லூ போய்ச் சேர்ந்தான். சேர்ந்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் தாளை மடியில் வைத்துவிட்டாள்.

"மொதல்ல நீ சொன்னதுதான் சரி."

"என்ன?"

"இடது கென்னிங்டன் ரோடு. சரியாத்தான் சொன்னே. நான் சும்மா புருவத்தத் தூக்கினேன். நீ மாத்திட்டே. தப்பா போனே, நான் தலைய ஆட்டினேன், போயிக்கிட்டே இருந்தே." அவள் குரல் தாழ்ந்தது. "யோவ், நீ லண்டனப் படிக்கல. ஒன்றரை வருசமா என் மூஞ்சியப் படிச்சிருக்கே."

குடிசைக்குள் யாரோ இருமினார்கள். கிளென் எழுந்தான்.

"பொறி வச்சுப் பிடிக்கறியா? நான் என்ன எலியா?"

"நேத்து போன்ல கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நான் வேணும்னு பண்ணல. தப்பா போறப்ப என்னையறியாம மூஞ்சி மாறுது. உனக்கு ஒதவறதா நெனச்சேன்..."

"ஒதவி! நீ பி வாங்குற, நான் டி வாங்குறேன். நல்லா ஒதவின போ."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெரில் ஜன்னலிலிருந்து கத்தினாள். "ராசா, டீக்குக் காசு?" அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பாலின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறை நாற்காலியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"அதக் கழட்டேன், பாக்கவே சகிக்கல" என்றாள் பாலின். பிறகு அவளே பட்டையை அவிழ்த்து எடுத்தாள். "இன்னிக்குச் சுத்தப் போகலையா?"

"எதுக்குச் சுத்தணும்? எதுவும் உள்ள போகல."

"தூங்காத மண்டையில என்ன போகும்? போயிப் படு."

படுத்தான். சுவரெல்லாம் மஞ்சள் கோடு போட்ட தாள்கள். கண்ணை மூடினான். கென்னிங்டன் பார்க் ரோட்டில் நின்றான். நேராகவா, இடதா? தாளில் அந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது, மேலிருந்து மூன்றாவது. மஞ்சள் தெரிந்தது. தெரு தெரியவில்லை. அந்த முனையில் என்ன இருக்கிறது, மரமா, கடையா, கோயிலா? பலமுறை கடந்து போயிருக்கிறான். போகும்போதெல்லாம் கண் அட்டையில் இருந்திருக்கிறது.

எழுந்து தாள்களைக் கிழித்தான். கோபத்தில்தான் கிழித்தான், திட்டம் எதுவும் இல்லை. பிறகு விழுந்து தூங்கினான். ஷிப்டுக்குப் போகும்வரை தூங்கினான்.

வாரக் கடைசியில் திரும்பிப் போனான். ஹோடன் பெஞ்சில் தனியாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவன் டீ வாங்கி, பழைய காசையும் சேர்த்துப் பெரிலிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சின் மறுபக்கம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"கேளு" என்றான்.

"என்ன கேக்கணும்? மன்னிப்பா?"

"வழியக் கேளும்மா தாயே."

கேட்டாள். அவனுக்கு வரவில்லை. அவன் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டு தெருத்தெருவாகத் தடுக்கி விழுந்தான். தப்பாகப் போனால் அவள் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. முடிவில்தான் சொல்ல வேண்டும். அவன் தப்பான வழியிலேயே முட்டுச்சந்துவரை போய் நின்றான். பல நாள் அப்படித்தான் போனது. முன்பு வழுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் இப்போது பல் பிடுங்குவதுபோல் வந்தது. முன்னைவிட மோசமாகிவிட்டதாகவே அவனுக்குப் பட்டது.

குடிசைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்னடா இது, விவாகரத்து ஆயிடுச்சா?"

"புள்ள யாருகிட்ட இருக்கும்?"

"மொபெட் அவளுக்கு, சிமென்ட் மண்ட அவனுக்கு."

"உள்ள உக்காந்து கொழுப்பத் தின்னுட்டுப் பேசாதீங்கய்யா" என்றாள் ஹோடன் திரும்பாமலே. "படம் எடுத்தா உங்க மண்டையில இப்ப பன்னிக்கறிதான் தெரியும்."

பெரில் கரண்டியால் ஜன்னலைத் தட்டிச் சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான் கிளென் ஒருநாள், மரத்தைப் பார்த்தபடி. "நானும்தான் உன்கிட்ட வழி கேட்டேன். நீயும் என் மூஞ்சியப் பார்த்துத்தானே சொன்னே. நீ மட்டும் எப்படித் தப்பிச்சே?"

"உன் மூஞ்சியா? அதுல என்னய்யா இருக்கு? ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து சவம் மாதிரி உக்காந்திருப்பே. பாதி நேரம் கண்ணு மூடியிருக்கும். சரியான்னு உன்னப் பாத்தா ஒண்ணும் தெரியாது. நானாத்தான் கண்டுபிடிக்கணும்." தாளை மடித்தாள். "நீ அசந்து தூங்கினதுலதான் எனக்கு பி வந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

காலையில் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்த் தூங்கினான். சாயங்காலம்தான் மொபெட்டை எடுத்தான். அட்டையில் தாள் வைக்கவில்லை. கிளம்பும் இடத்தையும் சேரும் இடத்தையும் மனசில் வைத்துக்கொண்டு, தெரியாவிட்டால் தெரியாமலே போனான். ஒருநாள் மழையில் பேட்டர்சி நாய்கள் காப்பகத்தைத் தேடி, சில்வர்தோர்ன் ரோட்டுக்குள் தப்பாக நுழைந்து, ரயில்வே பாலத்துக்கடியில் நனைந்து நின்று, லண்டனைப் படைத்தவனையும் நாயைப் படைத்தவனையும் சேர்த்துத் திட்டினான். முன்பு ஒரு காலையில் சுற்றிய தூரத்தில் கால்வாசிகூட இப்போது சுற்றவில்லை. தேறுமென்ற நம்பிக்கையும் இல்லை. பழைய மாதிரி படித்தால் தேறாது என்று மட்டும் தெரியும்.

ஆஜராகும் நாள் வந்தது. வேட்பாளர்கள் கோட்டும் டையுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

போன தடவை இருந்த அதே பரீட்சகர். நரைத்த மீசை. மேஜைக்கு அந்தப் பக்கம், பொம்மை செய்து வைத்தது போன்ற முகம்.

"உக்காருங்க, மிஸ்டர் ஹாக்கெட்."

"நன்றி சார்."

முதலில் வைட்சாப்பலில் ஒரு ஓட்டலைக் கேட்டார். கிளென் கேள்விப்பட்டதே இல்லை.

"இடம் தெரியல சார்."

வேறொன்றைக் கேட்டார். அது எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. வழியில் ஃபாரிங்டன் பக்கம் வந்து ஒருவழிப் பாதைக்குள் எதிர்த்து நுழைந்துவிட்டான். பாதி சொல்லும்போதே தெரிந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. பரீட்சகர் எதையோ குறித்தார். குறிக்கும்போது கிளென் தன்னையறியாமல் அவர் புருவத்தைப் பார்த்தான். அது அசையவில்லை.

"கிளாப்பம் காமன் ஸ்டேஷன். அங்கேர்ந்து பேட்டர்சி நாய்கள் காப்பகம்."

கிளென் கண்ணைத் தாழ்த்தி மேஜையின் விளிம்பைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தான். பரீட்சகரும் காத்திருந்தார். பிறகு மழை வந்தது. ரயில்வே பாலத்தின் அடியில் காலணிக்குள் தண்ணீர் போனது வந்தது. அங்கே நிற்பது தப்பு. அந்தத் தப்பிலிருந்து பின்னால் நடந்தான். க்வீன்ஸ்டவுன் ரோட்டை விட்டிருக்கக் கூடாது. அதற்கு முன்னால் சீடர்ஸ் ரோடு. அதற்கு முன்னால் புல்வெளியின் ஓரம்.

"தி பேவ்மெண்ட்ல கிளம்பறேன் சார்" என்றான். "இடது கிளாப்பம் காமன் நார்த் சைட். வலது சீடர்ஸ் ரோடு. நேரே க்வீன்ஸ்டவுன் ரோடு." நிறுத்தினான். சொன்னது சரியா என்று பார்க்க எதுவும் இல்லை, அந்த முகம் கல். "வலது பேட்டர்சி பார்க் ரோடு. இடது கைப் பக்கம் இறக்கி விடறேன்."

கடைசிக் கேள்வியையும் அப்படியே, ஊன்றுகோல் வைத்து நடப்பவன்போல், நின்று நின்று முடித்தான். அழகாக இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்தான்.

பரீட்சகர் தாளைப் பார்த்துக் கூட்டினார்.

"வேகம் போதாது. ஒருவழிப் பாதைய கவனிக்கணும். சி." பேனாவை மூடினார். "அடுத்த தேதிய வெளியில சொல்லுவாங்க."

சி. டி-க்கு மேலே இருப்பதிலேயே சின்ன மார்க். தேறினான் என்று சொல்ல முடியாது. அடுத்த தடவை டி விழலாம், அப்போது தள்ளிவிடலாம். இன்றைக்குத் தள்ளவில்லை, அவ்வளவுதான். தெருவுக்கு வந்தபோது மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. கண் எரிந்தது. எங்காவது படுக்க வேண்டும்போல் இருந்தது.

பச்சைக் குடிசைக்கு முன்னால் ஹோடன் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அவன் மொபெட்டை நிறுத்தி இறங்கி, ஜன்னலில் ஒரு டீ சொல்லி, பெஞ்சில் உட்காரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ்."

அவன் டீயை ஊதினான்.

"யோவ் ஹாக்கெட், என்ன ஆச்சு? டியா?"

"நீயே பாத்துச் சொல்லு."

"உன் மூஞ்சில என்னிக்குய்யா ஏதாச்சும் தெரிஞ்சிருக்கு? வாயத் தொறந்து சொல்லித் தொலை."

"சி" என்றான்.

அவள் கண்ணை மூடி, மூச்சை விட்டு, ஹெல்மெட்டோடு பெஞ்சில் சாய்ந்தாள். பெரில் ஜன்னல் வழியாக ரொட்டியை நீட்டினாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அதற்குப் பேட்ஜ் வேண்டும்.

"சாஸ் போட்டிருக்கேன் ராசா."

கிளென் இந்தத் தடவை தின்றான். தின்றுமுடித்து, கையைத் துடைத்து, பெஞ்சின் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தான். வழக்கமான மரம். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. ஹோடன் தாளை எடுக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"இன்னிக்கு வேணாம்மா" என்றான். "தூக்கம் வருது."

"ஒண்ணே ஒண்ணு."

"கேளு, போ."